சம்பந்தி வீட்டுப் புதினா

— அரைக்காதீங்க சம்பந்தியம்மா, அரைக்காதீங்க! நாம என்ன கஷாயமா வைக்கிறோம்?

— கல்வத்துல எதப் போட்டாலும் கை தானா அரைக்குது சம்பந்தி. ஆயுசு பூரா மருந்துக்கடையில நின்ன கை. அதுக்குக் காக்டெயில் தெரியுமா, கஷாயம் தெரியுமா?

— புதினாவ அரைச்சாக் கசந்துரும். அத உள்ளங்கையில வெச்சு ஒரு தட்டு தட்டணும். கொசு அடிக்கிற தட்டு இல்ல. தூங்குற புள்ளைய எழுப்புற தட்டு.

— இப்படியா?

— அதேதான். எழுந்திருச்சிருச்சான்னு மோந்து பாருங்க.

— ம்… எழுந்திருச்சிருச்சு. பல்லும் விளக்கிருச்சு.

— அப்ப கிளாஸ்ல போடுங்க. மேல சர்க்கரை, எலுமிச்சம்பழத் துண்டு. இப்ப மரக்கரண்டியத் திருப்பிப் பிடிச்சு, காம்பால ஒரு அமுக்கு. ஐயய்யோ, கொலை பண்ணாதீங்க. மிரட்டினாப் போதும், தானா ஒத்துக்கும்.

— இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? வாராவாரம் கேக்கறேன், வாராவாரம் வேற ஆளா இருக்கு.

— ஆளு ஒருத்தன்தான். எனக்குத்தான் வயசாகுது. பெரிய ஓட்டல்ல ஒரு லிஃப்டு, ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு. உள்ள காக்டெயில் கலக்குறவன், தள்ளுவண்டி நிறைய பாட்டிலு, ஒரு வாளி ஐஸு, ஒரு கட்டு புதினா. கூடவே ஒரு கல்யாண கோஷ்டி. ரிப்பேருக்குப் போன நான் கேபின் கூரை மேல உக்காந்து வேர்த்து ஊத்தி ஸ்க்ரூ கழட்டிட்டிருக்கேன். அவன் பாவம் பாத்து கூரை ஓட்டை வழியா ஒரு கிளாஸ நீட்டினான். குடிச்சேன். எப்படிப்பா செஞ்சேன்னு கேட்டேன். அவன் கீழேர்ந்து சொல்லச் சொல்ல நான் மேலேர்ந்து கத்துக்கிட்டேன். சாயங்காலம் லிஃப்டு சரியாயிருச்சு. கதவத் தொறந்தா ஒருத்தரும் வெளிய வரல.

— ஏனாம்?

— “எங்கள ஏன் சார் காப்பாத்துனீங்க”ன்னு என் மேல புகார் குடுத்துட்டாங்க. இது பொய்யா இருந்தா இந்த பில்டிங் லிஃப்டு அறுந்து விழட்டும்.

— இந்த பில்டிங்ல லிஃப்டே கிடையாதே.

— அந்தத் தைரியத்துலதான் சொல்றேன். ஊரையே மேல ஏத்திவிட்டவன், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மூச்சு இரைக்க உங்க படியேறி வர்றேன். என் பொழப்பப் பாருங்க.

— போன வாரம் அது கல்யாண கோஷ்டி இல்ல, பேண்டு வாத்திய கோஷ்டி.

— கல்யாணத்துக்கு பேண்டு வாத்தியம் வராதா?

— உங்ககிட்ட வாய் குடுத்து ஜெயிக்க முடியுமா! சரி, ரம்மு. உங்களுக்கு ஒரு மூடி, எனக்கு ஒரு மூடி. இருமல் மருந்து மூடியில கோடு வரைக்கும். மேலயும் போகக் கூடாது, கீழயும் நிக்கக் கூடாது. நீங்க பிரஷர் மாத்திரை சாப்பிடற ஆளு. அளவுதான் மருந்து, அளவு தாண்டினா விஷம்.

— அளவு, அளவு, அளவு. கண்ணுத் தண்ணிக்கும் ஒரு மூடி வெச்சிருப்பீங்க போல.

— வெச்சிருக்கேன். அது இதவிடச் சின்ன மூடி. போய் ஃப்ரிட்ஜுலேர்ந்து ஐஸ் எடுத்துட்டு வாங்க.

— இதோ… ட்ரே கெட்டியா ஒட்டிக்கிச்சு சம்பந்தியம்மா… தட்டினாத்தான் வரும் போல… ஆங், வந்துருச்சு. கொண்டாந்துட்டேன். நீங்க அப்படியே பால்கனிக்குப் போயி கிளாஸ் மேல சொருக ரெண்டு புதினாக் கொழுந்து கிள்ளிட்டு வாங்க. அழகுக்கு.

— சம்பந்தி! இங்கேர்ந்து கேக்குதா? தெரு முனை வரைக்கும் பாத்துட்டேன், பிள்ளைங்களக் காணோம்!

— வருவாங்க, வருவாங்க! சாயங்காலம்னு சொன்னா அதுங்களுக்கு விளக்கு வெச்சப்புறம்தான் சாயங்காலம்!

— இந்தாங்க கொழுந்து. ரெண்டு பேரும் சேந்து வந்து ஒரு விஷயம் சொல்லணும்னு போன் பண்ணினா எம் பொண்ணு. உங்ககிட்ட என்னன்னு ஏதாவது…

— எங்கிட்டயும் அதேதான் சொன்னான் எம் பய. ஒரு விஷயம்னான். என்ன விஷயமோ!

— என்னமோ!

— வரட்டும். நீங்க மொதல்ல உக்காருங்க. சுவத்துல முதுகு சாஞ்ச மாதிரி உக்காருங்க.

— ஏன், நீங்களும் அந்தச் சாய்வு நாற்காலியில உக்காருங்களேன். ஸ்டூல் எதுக்கு? விழுந்து கிழுந்து வெச்சா…

— ஸ்டூல்ல உக்காந்து நான் என்னிக்கு விழுந்தேன்? சரி, உங்க திருப்திக்கு. எடுத்துக் குடிங்க. நல்லாப் பெரிய மடக்கா.

— நீங்க குடிங்க மொதல்ல. பெரிய மடக்கா.

— …ம்.

— …ம். சம்பந்தி, இது என்ன, காதுல ஏறுது?

— புதினா அப்படித்தான்.

— புதினா மூக்குல ஏறும். காதுல ஏறுறது ரம்மு. நான் ஊத்தினது ஒரு மூடி. நான் பால்கனிக்குப் போன நேரத்துல இந்த கிளாஸுக்கு என்ன நடந்துச்சு?

— ஒரே ஒரு மூடி. கொசுறு.

— மருந்துல கொசுறு உண்டா?

— அப்படின்னா என் கிளாஸையும் கொஞ்சம் மோந்து பாருங்க. எனக்குக் காது மட்டும் இல்ல, தலைமயிரே நட்டுக்கிச்சு. நான் ஐஸ் ட்ரேயத் தட்டிட்டிருந்த நேரத்துல இங்க என்ன நடந்துச்சு?

— ஒரு மூடி.

— கோடு வரைக்குமா?

— …கோட்டுக்கு மேல.

— சம்பந்தியம்மா! நீங்களா? உங்க கடையில ஒரு மாத்திரைய ரெண்டா உடைச்சா ரெண்டு பாதியும் எடை போட்டாச் சமமா இருக்கும்னு ஊரே சொல்லும். கோடு தாண்டுறதுக்கு அப்படி என்ன வந்துச்சு?

— நீங்க ஏன் தாண்டுனீங்க, அதச் சொல்லுங்க.

— நான் கோடே இல்லாத ஆளு. நீங்க சொல்லுங்க.

— நீங்க சொல்லுங்க.

— சம்பந்தியம்மா, ஒரு கெட்ட சேதி. அதத் தாங்கிக்க உங்களுக்குக் கொஞ்சம் தெம்பு வேணும்னுதான்…

— ஐயோ. உங்க பையன் உங்ககிட்டச் சொல்லிட்டானா?

— ஐயோ. உங்க பொண்ணு உங்ககிட்டச் சொல்லிட்டாளா?

— போன மாசமே சொல்லிட்டா. “பிரிஞ்சுரப் போறோம்மா. மாமாகிட்ட மட்டும் வாயத் தொறந்துராத. அவருக்கு நெஞ்சு பலகீனம். நாங்களே பக்குவமாச் சொல்லிக்கறோம்”னா.

— எங்கிட்டயும் போன மாசம்தான். “அத்தைக்குப் பிரஷர், நீ உளறிவெக்காதப்பா”ன்னான். பிரஷர் எனக்கு, நெஞ்சு உங்களுக்கு. மாத்திச் சொல்லியிருக்குதுங்க. பெத்தவங்களுக்கு என்ன வியாதின்னுகூட ஒழுங்காத் தெரியல.

— அப்ப இந்த ஒரு மாசமா வாராவாரம் உக்காந்து சிரிச்சுட்டிருந்தீங்களே, எல்லாம் தெரிஞ்சுதானா?

— நீங்க சிரிச்சீங்களேன்னு நானும் சிரிச்சேன். உங்களுக்குத் தெரியாது, பாவம்னு நெனச்சேன்.

— நானும் அதேதான் நெனச்சேன். பாவம், மனுசன் லிஃப்டு கதை சொல்லிட்டிருக்காரே, மகன் வீடு காலியாகுறது தெரியலையேன்னு.

— ஏமாத்துறதுல என்னை ஜெயிச்ச ஒரே ஆளு நீங்கதான். இன்னிக்கு சாமான் பிரிக்கிறாங்களாமே?

— ஆமா. அவளுக்கு வேற வீடு பாத்தாச்சு. கட்டில் அவருக்கு, மேசை அவளுக்கு. புஸ்தகம் எல்லாம் அவளுக்கு. ஃபேன் அவருக்கு. முடிச்சுட்டு ரெண்டு பேரும் சேந்தே வந்து நம்மகிட்டச் சொல்லிட்டு, தனித்தனி ஆட்டோவுல போவாங்களாக்கும்.

— அடிச்சுக்கவும் இல்ல, திட்டிக்கவும் இல்ல. அப்புறம் என்னதான் வந்துச்சாம்?

— மாப்பிள்ளை பேசமாட்டாராம். அதுதான் வழக்கு. என்ன கேட்டாலும் “உம்”. சாப்பாடு எப்படி? உம். வெளிய போலாமா? உம். நான் செத்துப்போயிரட்டுமா? உம். “சுவரோட குடித்தனம் பண்ண என்னால முடியலம்மா”ன்னு அழுதா.

— அதுக்குக் காரணம் நான்தான். வீட்டுல பேச்சு ஒரு குடம்னா, முழுசையும் நானே எடுத்துக்கிட்டேன். அவனுக்கு மிஞ்சினது அந்த ஒரு “உம்”தான்.

— இதுக்குமா கதை?

— இது கதை இல்ல சம்பந்தியம்மா. அவங்க குடிபோன அன்னிக்கு நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு புதினாக் காம்பு கொண்டுபோனோமே, ஞாபகம் இருக்கா?

— இல்லாம என்ன? ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கவே இல்ல, ரெண்டு பேரும் அதையே கொண்டாந்து நின்னோம். உங்களுது கருந்தண்டு, என்னுது பச்சத்தண்டு.

— தொட்டி ஒண்ணுதான் இருந்துச்சு. ரெண்டையும் அதுலயே நட்டோம். அது பிடிச்சுச்சு பாருங்க ஒரு பிடி! எம் மருமக கட்டுக் கட்டா அறுத்து ஆளுக்கொரு கட்டு குடுப்பா. எனக்கு அத என்ன பண்றதுன்னு தெரியல, உங்ககிட்டத் தள்ளிவிடலாம்னு இங்க வந்தேன். இங்க ஏற்கெனவே ஒரு கட்டு கெடந்துச்சு.

— அன்னிக்குத்தான் மொதமொதலா இத கலக்குனோம். ஒரே கசப்பு.

— அரைச்சுட்டீங்களே!

— அரைச்சுட்டேன். அதையும் நல்லா இருக்குன்னு சொல்லிக் குடிச்சீங்க.

— நான் சொன்ன பொய்யிலேயே ரொம்பப் பெரிய பொய் அதுதான். சம்பந்தியம்மா, எனக்கு ஒரு சந்தேகம். அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வந்தா உங்க கேட்டுல வாட்ச்மேன் “யாரு?”ன்னு கேப்பான்.

— வாராவாரம் பாக்குற மூஞ்சி, கேப்பானா?

— கேப்பான். அவனுக்கு மறதி, எனக்கும் ஒரு பெருமை, வாராவாரம் சொல்லுவேன். “மூணாவது மாடி அம்மாவுக்குச் சம்பந்தி.” கேட்டு தொறந்துரும். அந்த ஒத்தச் சொல்லு சாவி மாதிரி. அவங்க பிரிஞ்சுட்டா அந்தச் சொல்லு செல்லாதே. அப்புறம் என்னன்னு சொல்லி உள்ள வர்றது?

— லிஃப்டு ரிப்பேருக்கு வந்தேன்னு சொல்லுங்க.

— இந்த பில்டிங்ல லிஃப்டே கிடையாதே!

— …இப்பத்தான் அது ஒரு குறையாத் தெரியுது.

— சிரிக்காதீங்க. நெசமாக் கேக்கறேன். நாம யாரு இப்ப? ஒரே தெருவா? இல்ல. ஒரே வேலையா? இல்ல. நீங்க எடை போட்டுப் பேசறவங்க, நான் அளந்துவிடறவன். நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது அந்தப் பிள்ளைங்க மட்டும்தான்.

— சுவத்துல படம் நிக்கிறது ஆணியாலதான். ஆணியப் புடுங்கினப்புறம் படத்த யாரு நெனைக்கிறா?

— லிஃப்டுல கேபினத்தான் எல்லாரும் பாப்பாங்க. பின்னால சுவத்தோரமா ஒரு பெரிய எடை, கம்பியில தொங்கிட்டு, கேபின் ஏறினா இறங்கும், இறங்கினா ஏறும். அது இருக்குன்னே ஜனங்களுக்குத் தெரியாது. பழைய லிஃப்ட எடுக்கும்போது கேபினுக்கு என்ன வழின்னுதான் பேசுவாங்க. அந்த எடைய எங்க வைக்கிறதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல.

— அத எங்கதான் வைப்பீங்க?

— அது அப்படியே குழிக்குள்ள கெடக்கும். கதை இல்ல, இதுவும்.

— தெரியுது. நீங்க நிசம் சொல்லும்போது குரல் இறங்கிருது. சம்பந்தி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது.

— சிரிச்சா இந்த பில்டிங் லிஃப்டு…

— சும்மா இருங்க. வீட்டுக்காரர் போனப்புறம் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினா பாதிதான் செலவாகும். மீதிப் பாதி ஃப்ரிட்ஜுல கெடந்து காஞ்சு, கல்லாயி, குப்பைக்குப் போகும். எத்தனையோ தடவ அந்தப் பாதியக் கையில வெச்சுட்டு நின்னிருக்கேன். ஒருத்திக்கு ஒரு பழம் பெருசு. இந்த ஞாயித்துக்கிழமையிலதான் ஒரு பழம் முழுசாத் தீருது.

— …

— என்ன, ஒரு கதையும் காணோம்?

— இதுக்கு ஈடா எங்கிட்ட எந்தக் கதையும் இல்ல சம்பந்தியம்மா.

— அதான் ரெண்டு மூடி ஊத்தினேன். உங்க நெஞ்சு தாங்கணும்னு இல்ல. எனக்கு வாய் வரணுமே! ஆனா மூடியப் பாருங்க, கைமறதியா அதையும் உங்க கிளாஸுலயே ஊத்திட்டேன்.

— நல்லவேளை, உங்க கிளாஸுக்கு நான் ஊத்திட்டேன்.

— அடுத்த ஞாயிறும் வாங்க. அதுக்கு அடுத்ததும் வாங்க. பிள்ளைங்க எங்க வேணாப் போகட்டும். நான் தனியா ஒரு பழத்த வெட்ட மாட்டேன்.

— வாட்ச்மேனு?

— அவன்கிட்ட என் பேரச் சொல்லி, அவங்க வீட்டுக்குன்னு சொல்லுங்க. எனக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல?

— இருக்கு. கல்யாணத்துல உங்க சொந்தக்காரங்க கூப்பிட்டுக் கேட்டிருக்கேன்.

— என்னிக்காவது சொல்லியிருக்கீங்களா?

— சம்பந்தியப் போயி யாரு பேரு சொல்லிக் கூப்பிடுவா? அடிக்க வருவாங்க.

— இனிமே நான் சம்பந்தி இல்லையே. நானும் உங்கள அப்படிக் கூப்பிடப் போறதில்ல. எனக்குக் கஷ்டமில்ல, வாராவாரம் உங்களுக்குக் கட்டிக் குடுக்குற மாத்திரை டப்பா மேல உங்க பேர எழுதி எழுதிக் கை பழகிருச்சு. வாய் மட்டும்தான் பழகணும்.

— டப்பாவுல பேரு எழுதியிருந்துச்சா? நான் தெனமும் மாத்திரைய மட்டும் பாத்தேன்.

— அதுவும் ரெண்டு கலர்ல எழுதுவேன். சரி, சொல்லுங்க பாப்போம். எம் பேரு.

— இருங்க. மொதல்ல மனசுக்குள்ள சொல்லிப் பாக்கறேன்.

— …சொன்னீங்களா?

— சொன்னேன்.

— எப்படி இருந்துச்சு?

— பல்செட்டு ஆடுது.

— நல்லது, அளவு சரின்னு அர்த்தம். இப்ப வெளிய சொல்லுங்க.

— தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?

— ரெண்டு மூடி உள்ள இருக்கு. இப்ப விட்டா அப்புறம் எனக்கே வெக்கம் வந்துரும். சொல்லுங்க.

— சரி. தொண்டையச் செருமிக்கறேன். க்கும். வந்து…

— அம்மா! கதவத் தொற! பெல்லு வேலை செய்யலையா? எவ்வளவு நேரமா அமுக்கறேன்!

— ஐயோ, பொண்ணு வந்துட்டா. வர்றேன்டி! கிளாஸ மறைங்க. இல்ல, வேணாம், இருக்கட்டும். நாம என்ன திருடினோம்? …வாடி. வாங்க மாப்பிள்ளை. இதென்ன கோலம், ரெண்டு பேரும் தலையெல்லாம் மண்ணு?

— மாமாவும் இங்கதான் இருக்காரா? நல்லதாப் போச்சு. அம்மா, மாமா, உக்காருங்க. உக்காந்துதான் இருக்கீங்களா? சரி, கேளுங்க. மாமா, ஒரு மாசமா உங்ககிட்ட ஒரு விஷயத்த மறைச்சுட்டோம்.

— தெரியும்டி. ரெண்டு பேருக்கும் தெரியும்.

— மாமாவுக்குமா! யாரு சொன்னா? சரி, போகட்டும். காலையிலேர்ந்து சாமான் பிரிச்சோம்மா. கட்டில், மேசை, சட்டி பானை எல்லாம் பிரிச்சாச்சு. கடைசியா அந்தப் புதினாத் தொட்டி. மாமாவோடது இவருக்கு, உன்னோடது எனக்குன்னு பேச்சு. மண்ணோட சேத்துத் தூக்கினா மொத்தமும் ஒரே கட்டா வந்துருச்சு. உள்ள ஒரே பின்னல். வேரு எது, தண்டு எது, எதுவும் தெரியல. இவர் கூடத்துல மண்ணுக்குள்ள உக்காந்து ஒவ்வொரு வேராப் பிரிக்கிறார். பிரிச்சுட்டே இருக்கார். நான் போதும்னு சொன்னாலும் விடல. அப்புறம் பாத்தா அழுதுட்டிருக்கார். வாயத் தொறந்து “என்னால பிரிக்க முடியலடி”ன்னார்.

— எம் பயலா? முழு வாக்கியமா?

— முழு வாக்கியம் மாமா! அதுக்கப்புறம் மண்ணக் கூட்டி முடிக்கிற வரைக்கும் பேசிட்டே இருந்தார். எனக்கே காது வலிச்சுது. அந்தப் புது வீட்டு ஓனருக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லிட்டேன். நாங்க எங்கயும் போகல. பிரியல. என்னங்க, நீங்களே சொல்லுங்களேன், இங்க வந்து நின்னுட்டு என்ன திரும்பவும் உம்முன்னு…

— பிரியலப்பா. மன்னிச்சுக்குங்க அத்தை. சேந்துதான் இருக்கப் போறோம்.

— என்னம்மா, ரெண்டு பேரும் இப்படி முழிக்கிறீங்க? சந்தோஷமா இல்லையா?

— சந்தோஷம்தான்டி. சந்தோஷமில்லாம? புதினாத் தட்டின கையால கண்ணத் தொட்டுட்டேன். எரியுது.

— மாமா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க. எப்பவும் ஒண்ணு கேட்டா ஒம்பது சொல்லுவீங்க!

— ஒரே ஒரு வார்த்தைதான்மா வாயில இருந்துச்சு. நீ வாசல்ல கூப்பிட்ட நேரம், முழுங்கிட்டேன்.

— எந்திரிங்க சம்பந்தி. பிள்ளைங்களுக்கும் ரெண்டு கிளாஸ் எடுங்க. ஆளுக்கு ஒரு மூடிதான், கோடு தாண்டாம.